உப்புக் காற்றில் ஒரு சக்திமான்

மணமேல்குடியிலிருந்து அறந்தாங்கி வழியாக மேற்கே போனால் காரைக்குடி. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்ததால் அங்கே எழுந்தது மத்திய மின்வேதியியல் ஆய்வகம். 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார், 1953 ஜனவரியில் ஆய்வகம் திறக்கப்பட்டது. இரும்பு எந்த ஊரில் எவ்வளவு வேகமாகத் துருப்பிடிக்கிறது என்று அளப்பது அதன் முக்கியமான வேலைகளில் ஒன்று. முறை எளிமையானது. எடை போட்ட இரும்புத் தகடுகளைத் திறந்த வெளியில் சட்டங்களில் மாட்டி வைப்பார்கள். மாதங்கள், வருடங்கள் கழித்துக் கழற்றி, துருவைக் கரைத்து நீக்கிவிட்டு மறுபடி எடை போடுவார்கள். குறைந்த எடைதான் காற்று தின்ற இரும்பு. மண்டபம் கடலோரத்தில் இந்தத் தகடுகள் பல ஆண்டுகளாகக் காய்ந்திருக்கின்றன. அதே பாக் நீரிணைக் கரையில் வடக்கே தள்ளி இருக்கிறது மணமேல்குடி. இந்தக் கரையில் ஒரு பழைய ராணுவ லாரியை வாங்கி நிறுத்தி, அதை ஓடும் நிலையில் காக்க நினைப்பவர் முதலில் படிக்க வேண்டியது எஞ்சின் புத்தகத்தை விட அந்தத் தகடுகளின் கணக்கைத்தான்.

பழைய ராணுவ லாரிகளைத் தேடிப் பிடித்து, பழுது நீக்கி, ஓட்டிக்கொண்டே வைத்திருப்பது உலகின் பல பகுதிகளில் ஒரு தீவிரமான பொழுதுபோக்கு. பிரிட்டனில் 1968லேயே இதற்கு ஒரு சங்கம் வந்துவிட்டது. அமெரிக்காவில் 1976ல் வந்தது. ஜூன் மாதம் பிரான்சின் நார்மண்டி கடற்கரைக்குப் போனால் 1944ல் அங்கே இறங்கிய அதே வகை லாரிகள் வரிசையாக ஓடுவதைப் பார்க்கலாம். நம் நாட்டில் இந்த ஆர்வம் பெரும்பாலும் ஜீப்போடும் அதைப் போன்ற ராணுவ வண்டியான ஜோங்காவோடும் நின்றுவிடுகிறது. ராணுவம் கழித்துவிட்ட ஜீப்புகளை வாங்கிப் புதுப்பித்து விற்பதற்கென்றே பெயர் பெற்ற ஊர் பஞ்சாப் எல்லையில் இருக்கும் மண்டி டப்வாலி. லாரி அப்படி இல்லை. நிறுத்த இடம் வேண்டும், டீசல் வேண்டும், நாலு பேர் கை வேண்டும். அதனால் ஏலத்தில் போகும் லாரிகளில் பெரும்பாலானவை கேஸ் கட்டரின் வாயில் போய்ச் சேர்கின்றன. இது பெரிய இழப்பு என்பது என் உறுதியான எண்ணம். ஒரு நாட்டின் இயந்திரத் தொழில் எப்படி நடக்கக் கற்றது என்பதை ஜீப்பை விட லாரியே அதிகம் சொல்லும்.

முதல் தலைமுறை இரண்டாம் உலகப் போரில் வந்தது. ஃபோர்டும் ஷெவர்லேயும் கனடாவில் ஒரே ராணுவ வரைபடத்தின்படி லாரிகளைச் செய்தன. எஞ்சின்தான் வேறு, பாடி பாகங்களில் பெரும்பகுதி ஒன்றுக்கொன்று பொருந்தும். ஸ்டியரிங் வலப்பக்கம் என்பதால் இந்தியாவுக்கும் பொருந்தியது. போர் முடிந்ததும் மிச்சமானவை ‘டிஸ்போசல்’ என்ற பெயரில் விற்கப்பட்டன. நாற்பதுகளின் இறுதியில் பல ஊர்களில் ஓடிய லாரிகளுக்கும் பஸ்களுக்கும் அடியில் இருந்தது இந்தச் சேசிஸ்தான்.

இரண்டாம் தலைமுறை சக்திமான். ஜெர்மனியின் மான் நிறுவனத்தின் உரிமத்தோடு, கிருஷ்ண மேனன் பாதுகாப்பு அமைச்சராக இருந்த காலத்தில், 1959ல் ஜபல்பூரில் முதல் வண்டி வெளியே வந்தது. முதலில் பீரங்கி வண்டித் தொழிற்சாலையில் செய்தார்கள், பிறகு அங்கேயே தனியாக எழுந்த வாகனத் தொழிற்சாலையில். 1965, 1971 போர்களில் ஓடியது. 1996 வரை உற்பத்தி நீடித்தது. நிசான் ஒரு டன் வண்டியும் ஜோங்காவும் அதே ஜபல்பூரின் மற்ற பிள்ளைகள். பின்னர் அசோக் லேலண்டின் ஸ்டாலியனும் டாடா வண்டிகளும் அவற்றின் இடத்துக்கு வந்தன. கழிக்கப்பட்ட சக்திமான்கள் வடகிழக்கு மாநிலங்களின் மலைப்பாதைகளில் இன்னும் மரமும் கல்லும் சுமக்கின்றன. ஐம்பது வருடப் பழைய வண்டி இன்னும் கூலிக்கு ஓடுகிறது என்றால், அதன் வடிவமைப்பில் ஒரு குணம் இருக்க வேண்டும்.

அந்தக் குணம் இதுதான்: ராணுவ லாரி உடையும் என்று எதிர்பார்த்தே வடிவமைக்கப்பட்டது. எந்தப் பாகம் எப்போது போகும், அதை வயல்காட்டில் இருட்டில் ஒரு சிப்பாய் எப்படிக் கழற்றுவான் என்று யோசித்து போல்ட்டுகளை வைத்தார்கள். பம்பைக் கழற்ற ரேடியேட்டரை இறக்க வேண்டியதில்லை. சேசிஸ் நீண்ட ‘ப’ வடிவச் சட்டம். மற்றவை எல்லாம் அதன்மேல் போல்ட்டிலும் ரிவெட்டிலும் நிற்கின்றன. கணினி கிடையாது, மூடி ஒட்டிய பெட்டி கிடையாது. ராணுவம் ஆட்களைப் பழக்குவதிலும் அதே அக்கறை காட்டியது. அமெரிக்கத் தரைப்படை 1951ல் ‘பிஎஸ்’ என்றொரு மாத இதழைத் தொடங்கியது. முழுக்க முழுக்க வாகனங்கள், தளவாடங்களின் பராமரிப்பு. அதைப் படக்கதையாக வரைந்து கொடுத்தவர் வில் ஐஸ்னர், அமெரிக்கப் படக்கதை உலகத்தின் மாமேதை. கிரீஸ் நிப்பிளைத் துடைத்துவிட்டுத்தான் கிரீஸ் அடிக்க வேண்டும் என்பதை ஒரு கலைஞரை வைத்துச் சொல்ல வேண்டும் என்று ஒரு படைக்குத் தோன்றியிருக்கிறது. நம் பக்கத்தில் பட்டாளத்தில் டிரைவராகவோ மெக்கானிக்காகவோ இருந்து ஓய்வு பெற்றவர் எவரிடமாவது பேசிப் பாருங்கள். வண்டியைக் கிளப்பும் முன் அதைச் சுற்றி வரும் பழக்கம் அவரை விட்டுப் போயிருக்காது.

இனி உப்பு.

இரும்பு துருப்பிடிப்பது ஒரு மின்வினை. ஈரப்படலம் படிந்த இரும்பின்மேல் ஒரு புள்ளியில் இரும்பு அணுக்கள் எலக்ட்ரான்களை விட்டுவிட்டு அயனியாக நீரில் இறங்குகின்றன. பக்கத்தில் இன்னொரு புள்ளியில் காற்றின் ஆக்சிஜனும் நீரும் அந்த எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்கின்றன. இரண்டு புள்ளிகளுக்கும் இடையே உலோகத்தில் எலக்ட்ரானும், மேலே ஈரத்தில் அயனியும் ஓடுகின்றன. முழுச் சுற்று கொண்ட ஒரு குட்டி பேட்டரி அது. சுத்தமான மழைநீர் மின்சாரத்தை மோசமாகத்தான் கடத்தும், ஆகவே பேட்டரி மெதுவாக ஓடும். உப்புக் கரைந்த நீர் நன்றாகக் கடத்தும். அதோடு, இரும்பின்மேல் தானாக உருவாகும் மெல்லிய ஆக்சைடு காப்பை உப்பிலுள்ள குளோரைடு குத்திக் கிழிக்கிறது.

கடற்கரை ஊர்களில் துரு தொல்லை அதிகம் என்பது எல்லோருக்கும் தெரியும். வெயில் அடித்தாலும் அது நிற்காததற்குக் காரணம் வேறு. சாப்பாட்டு உப்பு காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 விழுக்காட்டைத் தாண்டினால்தான் ஈரம் இழுத்துக் கசியும். கடல் உப்பிலோ மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அது 33 விழுக்காட்டிலேயே கசியத் தொடங்கும். பாக் நீரிணைக் கரையில் காற்று அந்த அளவுக்கு வறள்வது அபூர்வம். ஆகவே கண்ணுக்குக் காய்ந்ததாகத் தெரியும் லாரியின் அடிப்பாகத்தில் அந்த மெல்லிய ஈரப்படலம் பகலிலும் உயிரோடு இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கொண்டலும் வாடையும் கடலிலிருந்து கரைக்கு வீசும்போது உப்பு வரத்து கூடும். கோடையில் மதியத்துக்கு மேல் வரும் கடற்காற்று அந்த வேலையைத் தொடரும்.

எவ்வளவு வேகம்? காற்றின் அரிப்புத் திறனை உலகத் தரநிலை ஒன்று வகை பிரித்திருக்கிறது. வறண்ட உள்நாட்டுக் காற்றில் பூச்சில்லாத இரும்பு ஆண்டுக்கு 25 மைக்ரானுக்குள் கரையும். கடுமையான கடலோர வகையில் 80 முதல் 200 மைக்ரான் வரை போகும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆண்டுக்கு 100 மைக்ரான் என்று வைத்துக்கொள்வோம். கேபின் தகடு ஒரு மில்லிமீட்டர் கனம், இரண்டு பக்கமும் கரைகிறது. ஐந்து வருடத்தில் ஓட்டை. அதே ஐந்து வருடத்தில் ஏழு மில்லிமீட்டர் கனமுள்ள சேசிஸ் சட்டம் ஆறாகத்தான் மெலியும். பழைய லாரிகளில் டிரைவர் காலடித் தகடு காணாமல் போயிருக்க, சேசிஸ் மட்டும் கம்பீரமாக நிற்பது இதனால்தான். வாங்கப் போகிறவர் கேபினைப் பார்த்து மனம் தளர வேண்டாம். டிங்கரிங் பட்டறையில் தகடு வெட்டி ஒட்டிவிடலாம். சுத்தியலால் சேசிஸைத் தட்டிப் பார்க்க வேண்டும், குறிப்பாக ரிவெட் அடித்து இரண்டு தகடு சேரும் இடங்களில். இரும்பு துருவாகும்போது அதன் கன அளவு இரண்டு முதல் ஆறு மடங்கு பெருகும். இரண்டு தகடுகளுக்கு நடுவே வளரும் துரு ரிவெட்டையே பிய்த்துத் தள்ளும் வலிமை கொண்டது. ஸ்பிரிங் பட்டைகளுக்கு நடுவிலும் அதே கதை: பட்டைகள் ஒன்றோடொன்று சறுக்க முடியாமல் இறுகி, கடைசியில் சென்டர் போல்ட் அருகே முறியும். 1914ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில்களை நிறுத்த நேர்ந்ததும் இந்த அரிப்பினால்தான். ஒரு ரயில்வேயே நூறு வருடம் ஓயாமல் பெயிண்ட் அடித்துக் காத்த இரும்பு அது.

ஆகவே மணமேல்குடியில் சீரமைப்பின் முதல் வேலை சுரண்டுவதும் அல்ல, பெயிண்ட் அடிப்பதும் அல்ல. உப்பைக் கழுவி வெளியேற்றுவது. துருவின் அடியில் குளோரைடு இருக்கும்போது மேலே எவ்வளவு நல்ல பெயிண்ட் அடித்தாலும் ஆறு மாதத்தில் கொப்புளம் வரும். நல்ல தண்ணீரால், வேகமாகப் பீய்ச்சி, பல முறை கழுவ வேண்டும். கடலோரப் போர்வெல்லில் உவர்நீர் வந்தால் அதைக் கொண்டு கழுவுவது உப்பைப் பூசுவதாகிவிடும். மழைநீரோ நல்ல கண்மாய் நீரோ வேண்டும். உப்பு போய்விட்டதா என்று அறிய ஒரு வழி பள்ளிக்கூட ஆய்வகத்திலேயே இருக்கிறது. கழுவிய நீரில் கொஞ்சம் எடுத்து வெள்ளி நைட்ரேட் கரைசலில் ஒரு சொட்டு விட வேண்டும். குளோரைடு இருந்தால் பால் போலக் கலங்கும். உங்கள் தண்ணீரிலேயே குளோரைடு இருக்கக்கூடும், அதனால் கழுவும் முன் உள்ள நீரையும் கழுவிய பின் வரும் நீரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பத்தாம் வகுப்பு வேதியியல் இவ்வளவு நேரடியாகக் கைகொடுக்கும் இடங்கள் குறைவு.

சிறிய பாகங்களுக்கு மின்சாரமே துணை. பிளாஸ்டிக் தொட்டியில் சலவைச் சோடா கரைத்த நீர். துருப்பிடித்த பாகத்தை பேட்டரி சார்ஜரின் எதிர்முனையில் இணைத்து உள்ளே தொங்கவிட வேண்டும். நேர்முனையில் ஒரு வேண்டாத இரும்புத் தகடு. துருப்பிடிக்கும்போது இரும்பு எந்த எலக்ட்ரான்களை இழந்ததோ அவற்றை இப்போது திருப்பித் தருகிறோம். சிவப்புத் துருவில் ஒரு பகுதி கருமையான, எளிதில் உதிரும் படிவமாக மாறும். நல்ல இரும்பு ஒரு துளியும் கரையாது. மூன்று எச்சரிக்கைகள். நேர்முனையில் எவர்சில்வர் தகடு போடக் கூடாது. அதிலுள்ள குரோமியம் நச்சுச் சேர்மமாக நீரில் இறங்கும். தொட்டியிலிருந்து ஹைட்ரஜன் வரும், அதனால் அந்த இடத்தில் பீடிகூடப் பற்ற வைக்கக் கூடாது. ஸ்பிரிங் பட்டை போன்ற கடினமாக்கிய எஃகை இந்தத் தொட்டியில் போடவே கூடாது. ஹைட்ரஜன் அணு அந்த எஃகுக்குள் நுழைந்து அதை நொறுங்கும் தன்மையுடையதாக்கிவிடும், பாரம் ஏறும் நாளில் சொல்லாமல் முறியும்.

தொட்டியில் அடங்காத பெரிய பரப்புகளுக்கு டானின் உதவும். கடுக்காயிலும் ஆவாரம் பட்டையிலும் இருப்பது அதுதான். தமிழ்நாட்டுத் தோல் பதனிடும் தொழில் நூற்றாண்டுகளாக நம்பியிருந்த சரக்கு. டானின் இரும்புத் துருவோடு சேர்ந்து கரையாத கருநீலச் சேர்மமாகி மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும். கடுக்காய் மையின் கறுப்பும் இதே வினைதான். உலகின் பல அருங்காட்சியகங்கள் பழைய இரும்புக்கு இன்றும் டானின் பூசுகின்றன. அதன் மேல் பிரைமர். இங்கே ஒரு பொதுவான தவறான நம்பிக்கையைச் சொல்லியாக வேண்டும். ரெட் ஆக்சைடு பிரைமர் துருவை எதிர்க்கும் என்று பலரும் நம்புகிறார்கள். அது வெறும் திரை. கீறல் விழுந்தால் அந்த இடத்தில் காப்பு இல்லை. துத்தநாகம் அதிகமுள்ள பிரைமர் வேறு வகை. கீறல் விழுந்தாலும் துத்தநாகம் தன் எலக்ட்ரான்களை முதலில் கொடுத்து, தான் கரைந்து, இரும்பைக் காக்கும். கடலோரத்தில் அதற்குக் கொடுக்கும் அதிக விலை வீண் போகாது. பழைய ராணுவப் பெயிண்டைச் சுரண்டும்போது அதில் ஈயம் இருக்கக்கூடும், பழைய பிரேக் லைனிங்கில் கல்நார் இருக்கக்கூடும். இரண்டையும் உலர்வாகத் தேய்க்கக் கூடாது. நனைத்துத் தேய்த்து, நல்ல முகக்கவசம் போட்டுக்கொள்ள வேண்டும்.

உப்பு மின்சார ஒயர்களையும் விடாது. போர்க்கால ஃபோர்டு, ஷெவர்லே லாரிகள் 6 வோல்ட்டில் இயங்கியவை. செல்ஃப் மோட்டார் 300 ஆம்பியர் இழுக்கிறது என்று கொள்வோம். சேசிஸில் எர்த் கம்பி இறுக்கிய இடத்தில் பச்சையும் வெள்ளையுமாக உப்பேறி, ஓமின் நூறில் ஒரு பங்கு தடை உண்டாகியிருந்தால் போதும். 300ஐ நூறில் ஒரு பங்கால் பெருக்கினால் 3 வோல்ட் அங்கேயே போய்விடும். பாதி மின்னழுத்தம் காலி. பேட்டரியும் மோட்டாரும் நன்றாக இருந்தும் எஞ்சின் முனகி நிற்கும். புது பேட்டரிக்குக் காசு கொடுப்பதற்கு முன் எர்த் போல்ட்டைக் கழற்றி உப்புத்தாள் போட வேண்டும்.

சக்திமானின் எஞ்சினுக்கு வருவோம். ருடால்ஃப் டீசல் தன் முதல் எஞ்சினை 1893 முதல் 1897 வரை ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஒரு இயந்திரத் தொழிற்சாலையில் உருவாக்கினார். அந்தத் தொழிற்சாலைதான் பின்னாளில் மான் ஆனது. ஜபல்பூர் லாரியின் வம்சம் டீசல் எஞ்சின் பிறந்த பட்டறைக்கே போகிறது. 1950களில் அந்த நிறுவனத்தின் பொறியாளர் சீக்ஃபிரீட் மோய்ரர் ஒரு புதிய எரிப்பு முறையைக் கொண்டுவந்தார். சாதாரண டீசல் எஞ்சினில் எண்ணெயை நுண்துளிகளாகச் சூடான காற்றுக்குள் பீய்ச்சுவார்கள். துளிகள் சட்டென ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும், அந்த அதிர்ச்சிதான் டீசலின் ‘டக டக’ சத்தம். மோய்ரர் பிஸ்டனின் தலையில் உருண்டையான ஒரு குழி வைத்து, எண்ணெயை அந்தக் குழியின் சுவரில் படலமாகப் படியும்படி பீய்ச்சினார். சூடான தோசைக்கல்லில் எண்ணெய் தடவியது போல அது சுவரில் பரவி, சிறிது சிறிதாக ஆவியாகும்; சுழலும் காற்று அந்த ஆவியை அவ்வப்போது வாரிக்கொண்டு எரிக்கும். சத்தம் குறைந்தது. அதைவிட முக்கியமாக, எண்ணெய் எந்த ரகம் என்பது பெரிதாக உறுத்தவில்லை. பெட்ரோலுக்கு நெருக்கமான இலேசான எண்ணெய்களைக்கூட எரிக்கும் எஞ்சின்களை இந்த வழியில் செய்ய முடிந்தது. எந்த எண்ணெய் கிடைக்கும் என்று தெரியாத போர்க்களத்தில் இதன் மதிப்பு பெரிது. அமெரிக்க ராணுவத்தின் புகழ்பெற்ற இரண்டரை டன் எம்35 லாரிக்குப் பல எரிபொருள் எஞ்சின் செய்தபோது காண்டினென்டல் நிறுவனம் இந்த மான் முறையைத்தான் எடுத்துக்கொண்டது.

எரிபொருள் இல்லாத காலத்துக்குத் தமிழ்நாடும் ஒரு பதில் கண்டுபிடித்திருந்தது. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது மதுரை டி.வி.எஸ். நிறுவனம் கரியிலிருந்து வாயு எடுக்கும் கலனைச் செய்து வண்டிகளில் பொருத்தியது. போதிய காற்று இல்லாமல் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். அதுவே எரியக்கூடிய வாயு. அதை எஞ்சின் உறிஞ்சிக்கொண்டு ஓடும். சக்தி குறைவு, ஏற்றத்தில் திணறும், ஆனால் பஸ் ஓடியது.

இன்றைய எரிபொருள்தான் பழைய வண்டிக்குப் புதிய சிக்கல். 2020 ஏப்ரலிலிருந்து நாடு முழுக்க விற்கும் பிஎஸ்-6 டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் பத்துப் பங்குதான். காற்றுக்கு மிக நல்லது. கந்தகத்தை எடுக்கும் சுத்திகரிப்பு டீசலின் இயல்பான வழவழப்பையும் சேர்த்து எடுத்துவிடுகிறது; அதைச் சரிக்கட்ட வேறு பொருள் கலந்துதான் விற்கிறார்கள். எரிபொருள் பம்பின் பிளஞ்சரும் அதன் உருளையும் ஒன்றுக்கொன்று சில மைக்ரான் இடைவெளியில் சறுக்குபவை. அவற்றுக்கு உயவு அந்த டீசல் மட்டுமே. ஆகவே ஊர்பேர் தெரியாத கலப்பட டீசல் பழைய பம்புக்கு எமன். பழைய ரப்பர் சீல்கள் புதிய டீசலில் சுருங்கிக் கசியக்கூடும். பம்பைத் திறக்கும்போதே எல்லாச் சீல்களையும் மாற்றிவிடுவது நல்லது. ஈரமான கடற்கரையில் டேங்கின் அடியில் நீர் சேரும். நீருக்கும் டீசலுக்கும் நடுவிலான எல்லையில் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளர்ந்து கறுப்புக் குழம்பாகி ஃபில்டரை அடைக்கும். டேங்கை எப்போதும் நிறைத்தே வைத்திருந்தால் உள்ளே ஈரக் காற்றுக்கு இடம் குறையும்.

நிசானும் போர்க்கால வண்டிகளும் பெட்ரோல் குடிப்பவை. அவற்றின் பாடு இன்னும் கடினம். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலில் எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். ஒரு அளவைத் தாண்டினால் நீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தனியாகப் பிரிந்துவிடும், கார்புரேட்டர் முதலில் உறிஞ்சுவது அதைத்தான். கார்க் மிதவைகளும் பழைய ரப்பர் டயாஃபிரங்களும் எத்தனாலுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனாலில் எரிசக்தியும் மூன்றில் ஒரு பங்கு குறைவு, ஆகவே ஜெட்டைச் சற்றுப் பெரிதாக்கினால்தான் கலவை சரியாகும். 2000ல் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றதும் பழைய எஞ்சின்களின் வால்வு இருக்கைகள் தேய ஆரம்பித்தன. கடினமான இருக்கை வளையங்களை லேத்துப் பட்டறையில் பொருத்தித்தான் அதைச் சமாளித்தார்கள். எரிபொருள் மாறும், எஞ்சினைத் திறந்து அதற்கேற்ப மாற்றலாம் என்பதே இந்த வண்டிகளின் பலம்.

கடற்கரையில் லாரி என்றதும் மணலில் ஓட்டும் ஆசை எழும். மணலில் லாரி ஓட்டுவதை அறிவியலாக்கியவர் பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர் ரால்ஃப் பேக்னால்டு. 1920களில் எகிப்தில் பணியில் இருந்தபோது விடுமுறைகளில் சொந்தச் செலவில் ஃபோர்டு வண்டிகளைப் பாலைவனத்துக்குள் ஓட்டிப் போனார். அவருக்கும் அது பொழுதுபோக்குதான். டயரில் காற்றைக் குறைத்தால் மணலில் புதையாது என்று கற்றார். சக்கரத்தின்மேல் 1,500 கிலோ பாரம், டயரில் சதுர சென்டிமீட்டருக்கு 4 கிலோ அழுத்தம் என்றால் தரையைத் தொடும் பரப்பு சுமார் 375 சதுர சென்டிமீட்டர். அழுத்தத்தை 2 ஆக்கினால் பரப்பு இரு மடங்காகும், மணலின்மேல் விழும் அழுத்தம் பாதியாகும். ரேடியேட்டர் கொதித்து ஆவி வீணாகாமல் இருக்க, ஆவியை ஒரு டப்பாத் தண்ணீருக்குள் விட்டு, குளிர்ந்ததும் எஞ்சினே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும்படி செய்தார். இன்று எல்லா வண்டியிலும் இருக்கும் கூலன்ட் டப்பா அதே யோசனை. 1940ல் அவர் அமைத்த பாலைவனப் படை கனடா நாட்டு ஷெவர்லே லாரிகளில் எதிரியின் முதுகுப்பக்கம் நூற்றுக்கணக்கான மைல் போய் வந்தது. 1941ல் காற்றில் பறக்கும் மணலின் இயற்பியல் பற்றி அவர் எழுதிய நூல் அந்தத் துறைக்கே அடித்தளமானது. செவ்வாய்க் கிரக மணல்மேடுகளை ஆராய்பவர்களும் அதைப் புரட்டுகிறார்கள்.

மணமேல்குடிக் கரை சகாரா அல்ல. அலை குறைந்த, சேறும் மணலும் கலந்த கரை அது. எதிரே உள்ள கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022ல் தமிழ்நாடு அரசு கடற்பசுக்களுக்கான காப்பகமாக அறிவித்தது, நாட்டிலேயே முதலாவது. பழைய லாரி என்றால் எங்காவது ஒரு சொட்டு எண்ணெய் ஒழுகும். அந்தக் கரையில் அதை இறக்கக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

டயரைப் பற்றிப் பேசும்போது உயிர் சம்பந்தப்பட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். போர்க்கால லாரிகள் பலவற்றின் சக்கரம் இரண்டு பாதிகளை போல்ட் போட்டு இறுக்கியது. வண்டியிலிருந்து சக்கரத்தைக் கழற்றும் நட்டுகள் வேறு, இரு பாதிகளை இணைக்கும் நட்டுகள் வேறு. காற்று இருக்கும்போது இரண்டாவது வகையைத் தளர்த்தினால் சக்கரம் வெடித்துப் பறக்கும். சதுர அங்குலத்துக்கு 60 பவுண்டு காற்று, நூறு சதுர அங்குலப் பரப்பை 6,000 பவுண்டு விசையில் தள்ளுகிறது. ஏறக்குறைய 2.7 டன். அதனால்தான் ராணுவம் அந்த நட்டுகளுக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்தது. சீரமைப்பில் எல்லாவற்றையும் ஒரே ஆலிவ் பச்சையாக அடிக்கும் ஆசையில் அந்தச் சிவப்பை மறைத்துவிடாதீர்கள். பூட்டு வளையம் போட்ட சக்கரத்துக்குக் காற்றடிக்கும்போது அதை இரும்புக் கூண்டுக்குள் வைத்துத்தான் அடிக்க வேண்டும்.

பிரேக்கிலும் ஈரம்தான் எதிரி. சாதாரண பிரேக் ஆயில் காற்றின் நீரை உறிஞ்சும் இயல்புடையது. டாட்-3 ஆயில் புதிதாக 205 டிகிரி வரை கொதிக்காது. 3.7 விழுக்காடு நீர் ஏறியதும் அது 140 டிகிரிக்கு இறங்க இடமுண்டு. அதோடு அந்த நீர் வீல் சிலிண்டரின் உள்சுவரில் குழி குழியாகத் துருவை உண்டாக்கும். மாதக்கணக்கில் நிற்கும் லாரிகளுக்கு நீரை உறிஞ்சாத சிலிக்கான் பிரேக் ஆயிலை 1980களில் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்டது இந்தக் காரணத்துக்காகவே. மாற்ற நினைப்பவர் பழைய ஆயிலின் மேலேயே ஊற்றக் கூடாது. எல்லாச் சிலிண்டர்களையும் பிரித்து, ரப்பர்களைப் புதிதாக்கி, குழாய்களைக் கழுவிவிட்டு ஆரம்பிக்க வேண்டும்.

நிறுத்தி வைத்த லாரிக்கு ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது கெடுதல். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் அதிலுள்ள ஹைட்ரஜன் ஆக்சிஜனோடு சேர்ந்து ஏறக்குறைய ஒரு லிட்டர் நீராகும். எஞ்சின் சூடாக இருந்தால் அது ஆவியாக வெளியே போகும். குளிர்ந்த எஞ்சினில் சைலன்சருக்குள்ளும், ரிங் வழியாகக் கசிந்து ஆயில் சம்புக்குள்ளும் நீராகப் படியும். எஞ்சின் ஆயில் 80, 90 டிகிரியை எட்டி அங்கேயே கொஞ்ச நேரம் நின்றால்தான் அந்த நீர் ஆவியாகி வெளியேறும். டீசல் எஞ்சின் சும்மா நின்று ஓடும்போது அந்தச் சூடு வரவே வராது. பாரம் ஏற்றி ஓட்ட வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை அறந்தாங்கி வரை போய்த் திரும்பினால் ஆயிலும் கியர் பாக்ஸும் வீல் பேரிங்கும் சூடாகும், பிரேக் டிரம்மில் படிந்த துரு தேய்ந்து போகும், டைனமோ பேட்டரியை நிரப்பும். தார்ச்சாலையில் முன் அச்சின் இழுவையைச் சேர்க்காமல் ஓட்ட வேண்டும். திருப்பங்களில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களை விட நீண்ட வட்டத்தில் போகின்றன. இரண்டு அச்சையும் பூட்டிவிட்டால் அந்த வேறுபாடு முறுக்காக ஏறி கியர்களைத் தின்னும்.

திரும்பி வந்ததும் அடிப்பாகத்துக்கு நல்ல தண்ணீர் அடித்து, உலர்ந்த பின் ஸ்பிரிங் பட்டைகளுக்கும் நிப்பிள்களுக்கும் கிரீஸ் ஏற்ற வேண்டும். மறுநாள் காலையில் ஆயில் கம்பியை இழுத்துப் பார்க்கலாம். நுனியில் பால் நிறம் தெரிந்தால் நீர் இன்னும் உள்ளே இருக்கிறது என்று பொருள். இன்னொரு முறை நீண்ட தூரம் ஓட்டியும் அந்த நிறம் மாறவில்லையென்றால், ஹெட் பேக்கிங்கைத் திறந்து பார்க்க வேண்டியதுதான்.